பெயருக்குப் பின்னால் ஒரு ஊர்

தோப்பூரில் எந்தப் பள்ளிவாசலுக்குப் போனாலும் அறிவித்தல் பலகையைக் கொஞ்சம் நின்று வாசியுங்கள். குத்பா ஓதப்போகும் மௌலவியின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் இன்னொரு சொல் இருக்கும். சிலருக்கு பாகவி, சிலருக்கு கபூரி, இன்னும் சிலருக்கு நளீமி, அஸ்ஹரி, மதனி. அது வாப்பாவின் பெயருமில்லை, குடும்பப் பெயருமில்லை. அவர் எங்கே ஓதினார் என்பதைச் சொல்லும் சொல். பாகவி என்றால் வேலூர். கபூரி என்றால் மஹரகம. நளீமி என்றால் பேருவளை. அஸ்ஹரி என்றால் கெய்ரோ. மதனி என்றால் மதீனா.

இந்தப் பட்டங்களை வயதுப்படி அடுக்கிப் பார்த்தால், எங்கட கரையிலிருந்து பிள்ளைகள் எந்தெந்தக் காலத்தில் எங்கெங்கே படிக்கப் போனார்கள் என்ற கதை ஓரளவுக்குக் கிடைத்துவிடும். மூத்தவாப்பா காலத்துப் பெரிய ஆலிம்களின் பெயரில் வேலூர் நிற்கும். வாப்பாமார் காலத்தில் மதீனா வந்து சேரும். வயலும் குளமும் கடலும் சூழ்ந்த ஊரிலிருந்து, மழையே அபூர்வமான ஒரு பாலைவன மலைநாட்டுக்கு இளைஞர்கள் ஏன் படிக்கப் போனார்கள்? யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "சவூதியில எண்ணெய்க் காசு வந்தது, கூப்பிட்டான், போனாங்க." பதில் பிழையில்லை. ஆனால் பாதிதான். அந்தப் பாதை எண்ணெய்க்கு எவ்வளவோ முந்தியது. மாறியது டிக்கெட் காசை யார் கொடுத்தார் என்பதுதான், மற்ற மாற்றங்கள் எல்லாம் அதன் பின்னால் வந்தவை என்பது என்னுடைய அபிப்பிராயம்.

முதலில் அந்த நாட்டைப் பற்றி. ஹிஜாஸ் என்று சொல்லப்படுவது செங்கடலோரமாக வடக்குத் தெற்காக நீளும் மலைத்தொடரும் அதன் இரண்டு பக்க நிலங்களும். நாங்கள் பாலைவனம் என்றவுடன் மஞ்சள் மணல்மேட்டைக் கற்பனை செய்வோம். மக்காவும் மதீனாவும் அப்படி இல்லை. மக்கா, மொட்டைப் பாறை மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு. மதீனா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 600 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வடக்கே உஹது மலை, தெற்கே அய்ர் மலை, கிழக்கிலும் மேற்கிலும் எரிமலைக் குழம்பு இறுகிய கறுப்புக் கல் நிலம். அந்தக் கல்நிலத்தை ஹர்ரா என்பார்கள். 1256இல் நகரத்துக்குப் பக்கத்திலேயே எரிமலை வெடித்து, குழம்பு ஊரை நோக்கி ஓடி வந்த வரலாறு இருக்கிறது. கோடையில் வெயில் 45 பாகை வரை போகும். தாயிஃப் பக்கம் ஏறினால் உயரம் 1,800 மீற்றரைத் தொடும், குளிரும் ரோஜாத் தோட்டங்களும் வந்துவிடும். மகாவலி கொட்டியாரக் குடாவில் கலக்கிற இடத்துக்குப் பக்கத்தில் பிறந்து, வெள்ளம் வந்தால் கூரையில் ஏறிப் பழகிய ஒருவனுக்கு அது முற்றிலும் வேறு பூமி.

19ஆம் நூற்றாண்டில் அங்கே படிக்கப் போவதென்றால் ஹஜ்ஜோடு சேர்த்துத்தான் போவது. படிப்புக்கென்று தனியாக ஒரு விசாவோ விண்ணப்பப் படிவமோ கிடையாது. ஹஜ் முடிந்ததும் கப்பலேறித் திரும்பாமல் அங்கேயே தங்கிவிடுகிறவர்களை முஜாவிர் என்று அழைத்தார்கள், புனிதத் தலத்தின் அயலவர் என்று பொருள். 1885இல் சில மாதங்கள் மக்காவில் வாழ்ந்த ஒல்லாந்து அறிஞர் ஸ்னூக் ஹுர்க்ரோன்ஜ் அந்த மாணவர் வாழ்க்கையை விரிவாக எழுதிவைத்திருக்கிறார். ஹரம் பள்ளிவாசலின் தூண்களுக்கிடையே தொழுகை முடிந்ததும் ஆசிரியர் உட்காருவார், மாணவர்கள் வட்டமாகச் சுற்றி உட்காருவார்கள். வரவுப் பதிவு கிடையாது. எந்த வட்டத்தில் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். ஜாவா, சுமாத்திரா, மலாயா, ஹழ்ரமவ்த் என்று இந்து சமுத்திரக் கரையெல்லாம் ஷாஃபி மத்ஹபைச் சேர்ந்தது என்பதால் ஷாஃபி ஆசிரியர்களின் வட்டங்கள் பெரிதாக இருந்தன. எங்கட கரையும் அதே மத்ஹபுதான்.

செலவு? அவரவர் பாடு. கப்பல் கூலி, ஜித்தாவிலிருந்து மக்காவுக்கு ஒட்டகக் கூலி, இருக்க இடம், சாப்பாடு எல்லாம். 1882 முதல் இந்தியாவின் பக்கமிருந்தும் ஜாவாவின் பக்கமிருந்தும் வரும் ஹஜ் கப்பல்கள் செங்கடலில் கமரான் தீவில் நின்று, கொலரா பயத்தில் பயணிகளைத் தனிமைப்படுத்திய பிறகுதான் ஜித்தாவுக்குப் போக முடிந்தது. அந்த நாட்களின் செலவும் பயணியின் தலையில். ஆகவே வணிகக் குடும்பத்துப் பிள்ளை போகலாம், அல்லது வணிகர் ஒருவரின் தயவு கிடைத்தவர் போகலாம். கூலிக்கு வெட்டுகிற, வேளாண்மை செய்கிற குடும்பத்துக்கு அது கைக்கெட்டாத தூரம்.

அப்படிப் போய்த் திரும்பியவர்கள் தமிழ்க் கரைக்கு மக்காவின் படிப்பைக் கொண்டுவந்தார்கள். இதில் எனக்கு மிகப் பிடித்த கதை வேலூர்க் கதை. ரஹ்மதுல்லாஹ் கைரானவி என்ற வட இந்திய ஆலிம் 1854இல் ஆக்ராவில் ஜெர்மானியப் பாதிரியார் ஃபாண்டருடன் பகிரங்க விவாதம் நடத்திப் பெயர் பெற்றவர். 1857 கிளர்ச்சியில் பங்குகொண்டதால் ஆங்கிலேயர் தேட, மக்காவுக்குத் தப்பிப் போனார். அங்கேயே பாடம் நடத்தினார். பிறகு கல்கத்தாவைச் சேர்ந்த ஸவ்லதுன்னிஸா என்ற செல்வச் சீமாட்டி கொடுத்த பணத்தில் 1870களில் ஒரு மத்ரஸா கட்டி, அந்தப் பெண்ணின் பெயரையே அதற்கு வைத்தார். ஸவ்லதிய்யா மத்ரஸா அது, இன்றும் இருக்கிறது. மக்காவின் அந்தப் புகழ்பெற்ற கல்விக்கூடத்துக்குக் காசு கொடுத்தது ஒரு பெண், ஆனால் படித்தவர்கள் எல்லாரும் ஆண்கள். இதை ஒரு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

அந்தக் கைரானவியிடம் மக்காவில் ஓதியவர்களில் ஒருவர் வேலூர் அப்துல் வஹ்ஹாப் ஹஸ்ரத். ஊர் திரும்பி அவர் தொடங்கியதுதான் பாகியாத்துஸ் ஸாலிஹாத். 1880களில் அது முறையான கல்லூரியாக வளர்ந்தது. தமிழ் பேசுகிற ஒரு பிள்ளை, செங்கடலைத் தாண்டாமலே, மக்காவில் ஓதியவரிடம் ஓதலாம் என்ற நிலைமை வந்தது. இலங்கையிலும் 1884இல் வெலிகமவில் மத்ரஸதுல் பாரி தொடங்கிவிட்டது. அதற்கு முன்பிருந்தே கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் இங்கே வந்து போய், பள்ளிவாசல்களும் தைக்காக்களும் அமைத்து, அரபுத் தமிழில் நூல்கள் எழுதிப் பரப்பியிருந்தார். ஆனாலும் பெரிய படிப்பு என்றால் வேலூர்தான்.

வேலூருக்கு எங்கட பக்கத்திலிருந்து போகும் வழியைப் பாருங்கள். மூதூர்த் துறையில் லோஞ்சி ஏறித் திருகோணமலை. அங்கிருந்து ரயில், அந்தப் பாதை 1927இல் வந்தது. மாகோவில் இறங்கி வேறு ரயில், தலைமன்னார். அங்கே ஸ்டீமர், 1914 முதல் ஓடியது. தனுஷ்கோடியில் இறங்கினால் மறுபடி ரயில், திருச்சி, விழுப்புரம், காட்பாடி. பாலாற்றங்கரையில் பாறைக் குன்றுகளின் அடிவாரத்து வேலூர். நீண்ட பயணம்தான், ஆனால் கடலில் இருந்தது சில மணித்தியாலம் மட்டும். சாப்பாடும் இடமும் மத்ரஸா கொடுத்தது, அதை நடத்தியது தோல் வியாபாரிகள் போன்றவர்களின் நன்கொடை. குடும்பம் ஒரு மாட்டையோ ஒரு போகத்து நெல்லையோ விற்றால் பிள்ளையை அனுப்பிவிடலாம். ஒரு தலைமுறைக்குப் பாகவிப் பட்டம் வந்த விதம் இது.

கெய்ரோவின் கதை கொஞ்சம் வித்தியாசம். எகிப்தை எங்கட ஆக்கள் முதலில் நேரில் கண்டது கொழும்பில்தான். ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்ற ஒறாபி பாஷா 1883 முதல் 1901 வரை இலங்கையில் நாடுகடத்தப்பட்டு வாழ்ந்தார். 1892இல் மருதானையில் ஸாஹிராக் கல்லூரியின் தொடக்கத்தில் சித்தி லெப்பையோடு அவருடைய பெயரும் சேர்ந்து வரும். சித்தி லெப்பை 1885இலேயே கெய்ரோவில் பிறந்த ஒரு பிள்ளையை நாயகனாக்கி அசன்பே சரித்திரம் எழுதிவிட்டார். ஈழத்துத் தமிழ் நாவல்களின் தொடக்கம் எகிப்தில் இருக்கிறது என்பதை நம்முடைய தமிழ் வகுப்புகளில் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லலாம். அஸ்ஹருக்குப் போனவர்கள் தொகையில் குறைவு. காரணம் பழைய காரணம்தான், தூரமும் காசும். மாலைத்தீவு அரசு 1947இல் எகிப்துக்கு அனுப்பிய மாணவர்கள், 1948 யுத்தம் காரணமாக இலங்கையிலேயே நின்று, 1950இல்தான் கெய்ரோ போய்ச் சேர்ந்தார்கள். பிற்பாடு ஜனாதிபதியான மஃமூன் அப்துல் கையூம் அவர்களில் ஒருவர். ஒரு அரசே செலவழித்து அனுப்பிய பிள்ளைகளுக்கே இந்த நிலைமை.

இனி 1961.

அந்த ஒரு வருடத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. கெய்ரோவில் நாஸர் அஸ்ஹரைச் சட்டம் போட்டு அரசின் கைக்குள் கொண்டுவந்து, மருத்துவம், பொறியியல் எல்லாம் சேர்த்து நவீன பல்கலைக்கழகமாக்கினார். சில மாதங்களுக்குள் சவூதியில் மன்னர் ஸுஊதின் ஆணைப்படி மதீனாவில் இஸ்லாமியப் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. இரண்டும் தற்செயலாக ஒரே வருடத்தில் வந்தவை என்று நான் நம்பவில்லை. நாஸரும் சவூதி மன்னர் குடும்பமும் அரபு உலகின் தலைமைக்காக மல்லுக்கட்டிய காலம் அது. உலகத்து முஸ்லிம் இளைஞர்களை யார் படிப்பிப்பது என்பதும் அந்தப் போட்டியில் ஒரு பகுதி. மதீனாப் பல்கலைக்கழகம் தொடக்கத்திலிருந்தே பெரும்பான்மையான இடங்களை வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே ஒதுக்கியது. ஒரு நாடு தன் பிள்ளைகளை விட அடுத்த நாட்டுப் பிள்ளைகளுக்காகப் பல்கலைக்கழகம் கட்டுவது சாதாரண விஷயமில்லை.

நாட்டுக்காரர்கள் மட்டும் நடத்திய இடமும் இல்லை அது. திட்டமிட்டவர்களில் பாகிஸ்தானின் மௌதூதி இருந்தார், ஆலோசனைச் சபையில் லக்னோவின் அபுல் ஹஸன் அலி நத்வி இருந்தார், அல்பேனியாவில் பிறந்து சிரியாவில் வளர்ந்த நாஸிருத்தீன் அல்பானி முதல் இரண்டு மூன்று வருடம் ஹதீஸ் படிப்பித்தார். 1961இல் ஷரீஆ பீடம், 1966இல் தஃவா பீடம், பிறகு 1970களின் நடுவில் குர்ஆன், அரபு மொழி, ஹதீஸ் பீடங்கள் என்று பெருகியது.

மாணவனுக்குக் கிடைத்தவை இவை: விமான டிக்கெட், விடுதி, புத்தகம், மாதாந்தம் ஒரு உதவித்தொகை. விடுமுறைக்கு ஊர் வந்து போகவும் டிக்கெட். அந்த உதவித்தொகைக்கு முகாஃபஆ என்று பெயர், மதனிகள் இன்றைக்கும் அந்தச் சொல்லை ஒரு தனி சந்தோஷத்தோடு சொல்லுவார்கள். முகாஃபஆவை மிச்சம் பிடித்துத் தங்கச்சியின் கலியாணத்துக்கு அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். முந்திய காலத்தில் படிக்கப் போகிறவனுக்கு வீடு காசு அனுப்பியது. இப்போது படிக்கப் போனவன் வீட்டுக்குக் காசு அனுப்பினான்.

இந்தப் பக்கம் என்ன நடந்தது என்பதைப் பார்க்காமல் எண்ணெய்க் காசை மட்டும் சொன்னால் கதை புரியாது. சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியாவுக்குப் போகக் கடவுச்சீட்டும் விசாவும் தேவையாயிற்று. 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. ஸ்டீமர் பிறகு இராமேஸ்வரத்துக்கு ஓடியது, 1980களில் யுத்தத்தோடு அதுவும் நின்றது. இதற்கிடையில் இலங்கை அரசு வெளிநாட்டுச் செலாவணியை இறுக்கிப் பிடித்தது, 1970 முதல் 1977 வரையான ஆட்சிக் காலத்தில் அந்த இறுக்கம் உச்சம். வேலூரில் படிக்கிற மகனுக்கு ஒருவர் காசு அனுப்ப நினைத்தாலும் சட்டப்படி அனுப்புவது பெரும்பாடு. ஆகவே வேலூர்ப் பாதை ஒடுங்கிக்கொண்டு வந்த அதே வருடங்களில்தான் மதீனாப் பாதை அகன்றது. வெளிநாட்டில் படிக்க வேண்டுமானால் அந்த நாடே செலவழிக்க வேண்டும் என்ற நிலைமையில், செலவழிக்கத் தயாரான ஒரு நாடு வந்து நின்றது. 1973க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறியதும் அந்தக் கதவு இன்னும் பெரிதானது, அவ்வளவுதான்.

கிழக்கிலிருந்து போனவர்களுக்கு இன்னொரு காரணமும் சேர்ந்தது. 1980களின் நடுவிலிருந்து ஊரில் இருப்பதே கஷ்டம். பள்ளிக்கூடம் மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும், ரவுண்டப், சோதனைச் சாவடி, இடம்பெயர்வு. 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலிலும் ஏறாவூரிலும் நடந்தவற்றுக்குப் பிறகு, பதினெட்டு வயதுப் பிள்ளையை எங்கேயாவது அனுப்பினால் போதும் என்ற மனநிலை பல வீடுகளில் இருந்தது. மார்க்கக் கல்வி மேல் ஆசை இருந்தவர்களும் போனார்கள், ஊரை விட்டு வெளியேற ஒரு வழி தேடியவர்களும் போனார்கள். இரண்டும் ஒரே ஆளுக்குள் இருந்திருக்கலாம். புலமைப்பரிசில் விண்ணப்பத்தில் அதற்கு ஒரு கேள்வி கிடையாது.

அங்கே போய் இறங்கியதும் முதலில் அரபு மொழி. மத்ரஸாவில் ஏழு வருடம் கிதாபு ஓதியவர்கள்கூடக் கடையில் தண்ணீர்ப் போத்தல் கேட்க வாய் திறக்காமல் நின்ற கதைகள் நிறைய இருக்கின்றன. அரபு தெரியாதவர்களுக்கென்று பல்கலைக்கழகத்தில் தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே ஆபிரிக்கனும் சீனனும் பொஸ்னியனும் மூதூர்ப் பொடியனும் ஒரே புத்தகத்திலிருந்துதான் தொடங்குவார்கள். உலகம் முழுக்க மதீனாப் புத்தகங்கள் என்று பெயர் பெற்ற அந்த அரபு மொழிப் பாடநூல் வரிசையை எழுதியவர் வி. அப்துர் ரஹீம். ஊர், வேலூருக்குப் பக்கத்து வாணியம்பாடி. சென்னை பிரசிடென்சிக் கல்லூரியில் ஆங்கிலம் படித்து, அலிகாரும் அஸ்ஹரும் போய், 1969இல் மதீனாவுக்கு ஆசிரியராக வந்தவர். 2023இல் மதீனாவிலேயே காலமானார்.

அவருடைய புத்தகத்தைத் திறந்து பாருங்கள். இலக்கண விதியில் தொடங்காது. வீடு, கதவு, பேனை என்று கைகாட்டிப் பேசவைக்கும். பழைய மத்ரஸாக்களில் வினைச்சொல் வாய்பாட்டை மாதக்கணக்கில் மனப்பாடம் செய்தவர்களுக்கு அது ஒரு விடுதலை. மக்காவில் ஓதிய ஒருவர் வேலூருக்குக் கொண்டுவந்த மொழியை, நூறு வருடம் கழித்து வேலூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் மதீனாவிலேயே உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்தார். எண்ணெய்க் காசு என்ற ஒற்றை விளக்கத்துக்குள் இதை எப்படி அடக்குவது?

மதனி என்ற பட்டமே பல்கலைக்கழகத்துக்கு முந்தியது என்பதையும் சொல்ல வேண்டும். தேவ்பந்தின் ஹுஸைன் அஹ்மத் மதனி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதீனாப் பள்ளிவாசலில் பாடம் நடத்தியதால் அந்தப் பெயரைப் பெற்றார். 1916இல் ஆங்கிலேயருக்கு எதிரான சதி என்று பிடிக்கப்பட்டு 1920 வரை மால்ட்டாத் தீவில் சிறை இருந்தார். அவர் ஹனஃபி, தரீக்கா வழியில் வந்த ஸூஃபி. இன்று எங்கட ஊரில் மதனி என்றால் தவ்ஹீத்காரர் என்று ஆக்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே சொல், ஐம்பது அறுபது வருடத்தில் எதிர்ப் பக்கத்துக்குப் போய்விட்டது.

திரும்பி வந்தவர்கள் ஊரில் என்ன செய்தார்கள் என்ற கேள்விக்கு வராமல் தப்ப முடியாது. மௌலிது, கந்தூரி, கத்தம், தாயத்து என்று வழிவழியாக இருந்தவற்றுக்கு ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள். இந்தக் கேள்வி மதீனாப் பல்கலைக்கழகத்தோடுதான் இலங்கைக்கு வந்தது என்றும் சொல்ல முடியாது. மக்கா போய் வந்த அப்துல் ஹமீத் பக்ரீ 1947இலேயே பறகஹதெனியவில் அன்ஸாரிஸ் ஸுன்னா இயக்கத்தைத் தொடங்கிவிட்டார். ஆனால் ஒருவர் இருவர் கேட்பதும், ஒவ்வொரு ஊரிலும் ஒரு பட்டதாரிக் கூட்டம் கேட்பதும் ஒன்றில்லை. ஒரு பள்ளிவாசல் இரண்டானது, அண்ணனும் தம்பியும் வெவ்வேறு பள்ளியில் பெருநாள் தொழுதார்கள், சில இடங்களில் அடிதடியும் நடந்தது. பிறை பார்ப்பதில் தொடங்கி மையத்து அடக்குவது வரை சண்டை.

எனக்கு இதில் இரண்டு மனம். ஆதாரம் கேட்பது நல்ல பழக்கம். குர்ஆனையும் ஹதீஸையும் அர்த்தம் தெரியாமல் ஓதிக்கொண்டிருந்த ஊரில், தமிழில் விளக்கி, எவரும் கேள்வி கேட்கலாம் என்று வழக்கப்படுத்தியதில் மதனிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அதோடு சேர்ந்து அரபுத் தமிழும் போனது. மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்றவர்கள் அரபு எழுத்தில் தமிழை எழுதிய நூல்களை வாசிக்க ஊரில் இன்று ஆள் தேட வேண்டும். மூத்தம்மாமார் ராகத்தோடு படித்த பாடல்களை வழிகேடு என்று சொல்லி நிறுத்திய பிறகு, அந்த இடத்தில் வேறு எதுவும் வரவில்லை, சும்மா வெறுமையாகக் கிடக்கிறது. வரலாறு படிக்கிற ஒருவருக்கு இது சின்ன இழப்பாகத் தெரியாது.

தொழில் விஷயத்திலும் அவர்கள் நினைத்துப் போனது கிடைக்கவில்லை. அரச பாடசாலைகளில் மௌலவி ஆசிரியர் நியமனம் வருடக்கணக்கில் இழுபட்டது. ஹதீஸில் பட்டம் பெற்றவர் பலர் கடைசியில் கட்டாரிலோ துபாயிலோ அரபு தெரிந்த கிளார்க்காக வேலை செய்தார்கள். இந்த நிலைமையை முன்கூட்டியே பார்த்தவர் பேருவளை நளீம் ஹாஜியார். மாணிக்க வியாபாரி, தன் காசில் 1973இல் ஜாமிஆ நளீமிய்யாவைத் தொடங்கினார். மார்க்கக் கல்வியோடு உள்நாட்டுப் பல்கலைக்கழகப் பட்டத்தையும் பெற அங்கே வழி இருந்தது. எங்கட தலைமுறையில் நளீமிகள் கூடியதற்கு அது காரணம்.

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு மதனி என்ற சொல்லைப் பெயருக்குப் பின்னால் போடவே ஆக்கள் பயந்தார்கள். சவூதியில் படித்தவர் என்றால் சந்தேகம். அந்தத் தாக்குதலின் தலைவன் ஓதியதும் வெளியேற்றப்பட்டதும் உள்நாட்டில். தாக்கியவர்களில் இன்னொருவன் படித்தது பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும். இதையெல்லாம் அன்றைக்குத் தொலைக்காட்சியில் யாரும் ஆறுதலாகச் சொல்லவில்லை. வீடுகளில் அரபுப் புத்தகங்களைக் கிணற்றுக்குள்ளும் குப்பைக் குழிக்குள்ளும் போட்டார்கள். அரபு எழுத்து இருந்தால் போதும், என்ன புத்தகம் என்று எவரும் பார்க்கவில்லை. பாடநூலும் போயிருக்கும், அகராதியும் போயிருக்கும்.

இனி, ஒரு பக்கம் வைக்கச் சொன்னதை எடுப்போம். மேலே சொன்ன பட்டங்கள் எல்லாமே ஆண்களின் பட்டங்கள். மதீனாப் பல்கலைக்கழகத்தின் புலமைப்பரிசில் பல பத்தாண்டுகள் ஆண் பிள்ளைகளுக்குத்தான். எங்கட பக்கத்துப் பெண்கள் அந்தப் பாலைவனத்துக்குப் போகவில்லையா? போனார்கள். ஆண்களை விட அதிகமாகவே போனார்கள். அவர்களுக்குக் கிடைத்தது வீட்டுப் பணிப்பெண் விசா. அந்த டிக்கெட்டுக்கும் காசு அந்த நாட்டிலிருந்துதான் வந்தது, ஏஜென்சி வழியாக. ஒரே விமானத்தில் ஒருவர் ஷரீஆ படிக்கவும் இன்னொருவர் பாத்திரம் கழுவவும் போயிருக்கலாம்.

றிஸானா நபீக்கை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மூதூர்ப் பிள்ளை, தோப்பூருக்கு அடுத்த ஊர். பிறப்புச் சான்றிதழ்படி 1988இல் பிறந்தவள். 2005 மே மாதம் சவூதிக்குப் போகும்போது வயது பதினேழு, கடவுச்சீட்டில் மட்டும் இருபத்து மூன்று என்று ஏற்றியிருந்தார்கள். போய்ச் சில வாரத்தில், அவள் பால் கொடுத்துக்கொண்டிருந்த நான்கு மாதக் குழந்தை இறந்தது. பால் புரையேறியது என்று அவள் சொன்னாள், கொலை என்று வழக்குப் போட்டார்கள். ரியாத்துக்கு மேற்கே தவாத்மி என்ற ஊரின் நீதிமன்றம் 2007இல் மரண தண்டனை விதித்தது. ஆரம்ப விசாரணையில் சட்டத்தரணி இல்லை. மொழி பெயர்த்தவருக்கு அவளுடைய தமிழ் ஒழுங்காக விளங்கியதா என்பதே கேள்வியாக இருந்தது. 2013 ஜனவரி 9 அன்று தண்டனையை நிறைவேற்றினார்கள்.

ஷரீஆ சட்டம் என்ன சொல்கிறது, தண்டனை சரியா பிழையா என்று அப்போது ஊரில் நடந்த விவாதத்தில் நான் இறங்கவில்லை. எனக்கு உறுத்துவது மொழி விஷயம். வாணியம்பாடிக்காரர் எழுதிய புத்தகத்தை வைத்து, அதே நாட்டின் அரசு, அதே மூதூர்ப் பகுதிப் பையன்களுக்கு உதவித்தொகையும் கொடுத்து அரபு சொல்லிக்கொடுத்தது. றிஸானாவுக்கு அரபியில் தன் பக்கத்தைச் சொல்ல நாலு வாக்கியம் தெரிந்திருக்கவில்லை. இந்த இரண்டு பயணங்களையும் நாங்கள் ஒரே வரலாறாக எழுதுவதில்லை. ஒன்றை மார்க்கக் கல்வி வரலாற்றில் போடுகிறோம், மற்றதை வெளிநாட்டு வேலைவாய்ப்பு என்று வேறு கட்டில் கட்டி வைக்கிறோம்.

நிலைமை மாறிக்கொண்டுதான் வருகிறது. மதீனாப் பல்கலைக்கழகத்தில் இப்போது பொறியியலும் கணினியும் இருக்கின்றன. ரியாத்தில் பெண்களுக்கு மட்டுமான இளவரசி நூரா பல்கலைக்கழகம் வெளிநாட்டு மாணவிகளுக்கும் புலமைப்பரிசில் தருகிறது. உயர்தரம் முடித்த பிள்ளைகள் போனிலேயே விண்ணப்பம் நிரப்புகிறார்கள். 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தபிறகு பாதைக்காகக் காத்து நிற்கும் காலமும் போய்விட்டது. 2022க்குப் பிறகு ரூபாய் விழுந்த விழுகையில், மறுபடியும் அந்தப் பக்கம் செலவழித்தால்தான் வெளிநாட்டுப் படிப்பு என்ற பழைய கணக்குக்கு வந்து நிற்கிறோம்.

இந்தக் கட்டுரைக்கு எங்கட ஊரிலிருந்து போனவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தயாரிக்கலாம் என்று யோசித்தேன். பள்ளிவாசல்களில் அப்படி ஒன்றும் இல்லை. 2004 சுனாமி மூதூர்க் கரையோர வீடுகளின் காகிதங்களைக் கொண்டுபோனது. 2006 ஓகஸ்டில் மாவிலாற்றுச் சண்டை மூதூருக்கும் தோப்பூருக்கும் பரவியபோது சனம் கையில் கிடைத்ததோடு கந்தளாய் நோக்கி நடந்தது, பிள்ளையைத் தூக்குவதா பெட்டியைத் தூக்குவதா என்ற நேரத்தில் பழைய கடிதங்களை யார் எடுப்பார்? மிஞ்சியிருப்பது சில வீடுகளின் அலுமாரிகளில் கிடக்கிற கெசட்டுகள். கடிதம் எழுதப் படிக்கத் தெரியாத உம்மாமாருக்காக மதீனாவிலிருந்தும் ரியாத்திலிருந்தும் பிள்ளைகள் குரலைப் பதிந்து, ஊருக்கு வருகிறவர்களின் கையில் கொடுத்தனுப்பியவை. உங்கட வீட்டில் அப்படி ஒன்று இருந்தால், நாடா பூஞ்சணம் பிடித்திருந்தாலும் எறிய வேண்டாம். கொழும்பில் அதை டிஜிட்டலாக மாற்றுகிற கடைகள் இன்னும் இருக்கின்றன. படிக்கப் போன காக்காவுடையது மட்டும் போதாது, வேலைக்குப் போன லாத்தாவுடையதும் வேண்டும்.